நாய்க்கு எந்தச் சாப்பாடு நல்லது? முதல்ல பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்க!

உங்க வீட்டு நாய் நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டுச்சு? பால் சாதமா, தயிர் சாதமா, மீந்துபோன சாம்பார் சாதமா, இல்ல டப்பாவுல இருந்து அள்ளிப் போட்ட 'பெடிகிரி'யா? (எந்த கம்பெனி டிரை ஃபுட்டா இருந்தாலும் நம்ம ஊர்ல அதுக்குப் பேர் பெடிகிரிதான். ஜெராக்ஸ் மாதிரி!)

எங்க வீட்டுல ஒரு காலத்துல இந்தக் கேள்விக்கு ரொம்பப் பெருமையா பதில் வரும். "எங்க புஜ்ஜிக்கு டெய்லி கறிதான்!"

புஜ்ஜி நாட்டு நாய்க்குட்டி. காட்டாங்குளத்தூர் ஸ்டேஷன் பக்கத்துல மழையில நனைஞ்சுக்கிட்டு நின்னதைத் தம்பி தூக்கிட்டு மறைமலைநகர் வீட்டுக்கு வந்தான். அப்போ அதுக்கு ரெண்டு மாசம் இருக்கும். மறுநாள்ல இருந்து அப்பா அதுக்காகவே கறிக்கடைக்குப் போக ஆரம்பிச்சார். எலும்பு தொண்டையில சிக்கிடும்னு எலும்பில்லாத கோழிக்கறி, நடுநடுவே ஈரல். வேகவெச்சு, சாதத்தோட பிசைஞ்சு, மூணு வேளை. உடம்பெல்லாம் பளபளன்னு வந்துச்சு.

அஞ்சாவது மாசம் ஒருநாள் புஜ்ஜி மாடிப்படி ஏறல. தூக்கினா கத்துச்சு. முன்னங்கால் ரெண்டும் வில் மாதிரி வளைய ஆரம்பிச்சிருந்தது. ஓடி விளையாடுறப்போ சுளுக்கியிருக்கும்னு நினைச்சோம். சத்துக் குறைவா இருக்குமோன்னு அப்பா ஈரலைக் கூட்டினார். எலும்புக்கு வெயில் நல்லதாச்சேன்னு அம்மா தினமும் காலையில மொட்டைமாடிக்குத் தூக்கிட்டுப் போனாங்க.

கடைசியா டாக்டர்கிட்ட போனப்போ, அவர் காலைத் தொடுறதுக்கு முன்னாடியே கேட்டார், "என்ன சாப்பாடு போடுறீங்க?" சொன்னோம். எக்ஸ்ரே எடுத்தாங்க. வெள்ளையா தெரிய வேண்டிய எலும்பு, பக்கத்துல இருக்குற சதையில இருந்து பிரிச்சுப் பார்க்க முடியாத அளவுக்கு மங்கலா இருந்தது. "கறி போட்டீங்க சரி... கால்சியம் எங்கம்மா?"ன்னார்.

விஷயம் இதுதான். நாயோட சாப்பாட்டுல கால்சியமும் பாஸ்பரஸும் ஒண்ணுக்கு ஒண்ணுல இருந்து ரெண்டுக்கு ஒண்ணு வரைக்கும் இருக்கணும். அதாவது கால்சியம் சமமாவோ, கொஞ்சம் கூடவோ இருக்கணும். எலும்பில்லாத கறியில பாஸ்பரஸ், கால்சியத்தை விட பத்து, இருபது மடங்கு அதிகம். ஈரல்ல அதைவிட மோசம். ரத்தத்துல கால்சியம் குறைஞ்சா உடம்பு சும்மா இருக்காது. கழுத்துல இருக்குற பாராதைராய்டு சுரப்பி வேலையை ஆரம்பிச்சு, எலும்புல இருக்குற கால்சியத்தை உருவி ரத்தத்துக்குக் கொடுக்கும். வளர்ற குட்டியோட எலும்பு, உள்ளுக்குள்ளேயே கரைஞ்சு மெலிஞ்சுபோகும். அப்பா ஈரலைக் கூட்டக் கூட்ட, புஜ்ஜியோட கால் இன்னும் வளைஞ்சிருக்கும்.

அந்த மொட்டைமாடி வெயில்? அதுவும் வேஸ்ட். நமக்கு வெயில் பட்டா தோல்ல வைட்டமின் டி உருவாகும். நாயோட தோலுக்கு அந்தத் திறமை கிட்டத்தட்ட கிடையாது. அதுக்கு வைட்டமின் டி சாப்பாட்டுல இருந்துதான் வந்தாகணும்.

பாசம் குறைஞ்சு யாரும் தப்பா சோறு போடுறதில்ல. எங்க வீட்டுல பாசம் கூடித்தான் இது நடந்துச்சு. அதுக்கப்புறம்தான் நாய்ச் சாப்பாடு பத்தி உட்கார்ந்து படிக்க ஆரம்பிச்சேன்.

பின்பக்கம் சொல்லும் கதை

மறைமலைநகர், பொத்தேரி, கூடுவாஞ்சேரின்னு ஜிஎஸ்டி ரோட்டுல எங்க பார்த்தாலும் இப்போ பெட் ஷாப். உள்ள போனா, முன்பக்கத்துல பளபளக்குற லேப்ரடார் படம், 'நேச்சுரல்', 'பிரீமியம்', 'ஹோலிஸ்டிக்'னு பெரிய பெரிய எழுத்து. இந்த மூணு வார்த்தையும் உங்க நாயோட வயித்துக்கு எந்தத் தகவலும் சொல்லல. தனித்தமிழ் இயக்கத்தை ஆரம்பிச்ச மறைமலை அடிகள் பேர்ல இருக்குற ஊர்ல, நான் புரட்டின ஒரு பாக்கெட்ல கூட ஒரு தமிழ் வார்த்தை இல்லைங்கிறது தனிச் சோகம். அதனால பொடி எழுத்துல இருக்குறதை இங்க தமிழ்ல சொல்லிடுறேன்.

முதல்ல தேட வேண்டியது 'கம்ப்ளீட் அண்ட் பேலன்ஸ்டு'ங்கிற வரி. இதை மட்டுமே போட்டு வளர்த்தாலும் எல்லாச் சத்தும் கிடைக்கும்னு கம்பெனி பொறுப்பேத்துக்குதுன்னு அர்த்தம். அதுக்குப் பதிலா 'கம்ப்ளிமென்டரி'ன்னோ, 'டிரீட்'னோ இருந்தா, அது தொட்டுக்க மட்டும்தான். கிரேவி பாக்கெட்டுகள்ல நிறைய இந்த வகையில வரும். அதை மட்டுமே தினமும் போட்டா, எங்க அப்பா பண்ணின வேலையை நீங்க காசு கூடக் கொடுத்துப் பண்றீங்க.

அந்த வரியோட சேர்ந்தே, யாருக்கான சாப்பாடுன்னு இருக்கும். குட்டிக்கா, வளர்ந்த நாய்க்கா, எல்லா வயசுக்குமா? இதுக்கு உலகம் முழுக்க அதிகமா எடுத்துக்காட்டப்படுற அளவுகோல் அமெரிக்காவோட ஆஃப்கோ அமைப்பு போட்டது, ஐரோப்பாவுல ஃபெடியாஃப். நம்ம நாட்டுல பிஐஎஸ் தரநிலை ஐஎஸ் 11968. ஆஃப்கோ கணக்குல, ஈரத்தைக் கழிச்சுப் பார்த்தா வளர்ந்த நாய்க்குக் குறைஞ்சது 18 சதவீதம் புரதம், 5.5 சதவீதம் கொழுப்பு இருக்கணும். குட்டிக்கு 22.5, 8.5. கால்சியம் வளர்ந்ததுக்கு 0.5 சதவீதம் போதும், குட்டிக்கு 1.2 சதவீதம். ரெண்டு மடங்குக்கு மேல! வீட்டுல இருக்குற பெரிய நாயோட பாக்கெட்டையே புதுசா வந்த குட்டிக்கும் போடாதீங்கன்னு சொல்றது இதனாலதான்.

இதுக்கு நேர் எதிரான தப்பும் நடக்குது. லேப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு, கிரேட் டேன் மாதிரி பெரிய ஜாதிக் குட்டிக்கு நல்ல பப்பி ஃபுட்டும் போட்டு, 'எலும்பு வலுவா வரட்டும்'னு கால்சியம் சிரப்பையும் மேல ஊத்துவாங்க. பெரிய ஜாதிக் குட்டிக்குக் கால்சியம் கூடிப்போனாலும் எலும்பும் மூட்டும் கோணலா வளரும். அதனாலதான் அதுங்களுக்கு 1.8 சதவீதத்துக்கு மேல போகக் கூடாதுன்னு உச்சவரம்பே இருக்கு. முழுமையான சாப்பாடு போடுறீங்கன்னா, டாக்டர் சொல்லாம சிரப் வேண்டாம்.

அடுத்து, 'க்ரூட் புரோட்டீன்'னு ஒரு வரி. அந்த 'க்ரூட்'ங்கிற வார்த்தை எதுக்குன்னு யோசிச்சிருக்கீங்களா? லேப்ல யாரும் புரதத்தை நேரா எண்ணுறதில்ல. நைட்ரஜன் எவ்வளவு இருக்குன்னு பார்த்து, அதை 6.25-ஆல பெருக்கி, 'இவ்வளவு புரதம் இருக்கும்'னு எழுதுறாங்க. இந்த ஓட்டையில ஒரு பெரிய மோசடியே நடந்திருக்கு. 2007 மார்ச்ல, மெனு ஃபுட்ஸ்ங்கிற கனடா கம்பெனி 6 கோடிக்கும் மேற்பட்ட டின், பாக்கெட்டுகளைக் கடைகள்ல இருந்து திரும்ப வாங்கிச்சு. பல பேர் கொண்ட பிராண்டுகள், ஆனா எல்லாம் அந்த ஒரே கம்பெனியில தயாரானது. நாயும் பூனையும் சிறுநீரகம் செயலிழந்து செத்ததா அமெரிக்க எஃப்டிஏ-வுக்கு ஆயிரக்கணக்குல புகார். காரணம், சீனாவுல இருந்து கோதுமைப் புரதம்னு சொல்லி வந்த மாவுல மெலமைன் கலந்திருந்தது. தட்டு, ஸ்பூன் செய்யிற பிளாஸ்டிக்குக்குப் பயன்படுற ரசாயனம்! அதுல நைட்ரஜன் நிறைய இருக்குறதால டெஸ்ட்ல புரதம் கூடக் காட்டும். அடுத்த வருஷமே சீனாவுல குழந்தைங்க பால் பவுடர்ல இதே மெலமைன் பிடிபட்டது.

இதைப் பயமுறுத்தச் சொல்லல. புரத நம்பரை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது, அந்தப் புரதம் எதுல இருந்து வந்ததுன்னும் பார்க்கணும். அது 'இன்கிரீடியன்ட்ஸ்' பட்டியல்ல இருக்கும். எடை அதிகமா இருக்குறது முதல்ல, குறைவா இருக்குறது கடைசியில. நிறைய பாக்கெட்ல முதல் இடம் தானியத்துக்கும் தானிய உபபொருளுக்கும்தான். சிக்கன் ரெண்டாவதோ மூணாவதோ வரும். முதல் இடத்துலயே 'ஃபிரெஷ் சிக்கன்'னு இருந்தாலும் உடனே மயங்க வேண்டாம். பச்சைக் கறியில முக்கால்வாசிக்குக் கொஞ்சம் குறைவா தண்ணிதான். அந்தத் தண்ணி எடையோட சேர்த்துத்தான் முதல் இடம். 'சிக்கன் மீல்'னா தண்ணியை வத்தவெச்ச கறித் தூள், அதனால அதே எடையில புரதம் அதிகம். 'பை ப்ராடக்ட்'னதும் முகம் சுளிக்கிறவங்க உண்டு. ஈரல், இதயம், நுரையீரல்னு நாமளே காசு கொடுத்து வாங்கிச் சாப்பிடுற பாகங்களும் அதுல அடக்கம்தான்.

கிரேவி பாக்கெட்டையும் டிரை ஃபுட்டையும் ஒப்பிடுறப்போ ஒரு சின்னக் கணக்கு போடணும். கிரேவியில புரதம் 8 சதவீதம், டிரை ஃபுட்ல 22 சதவீதம்னு வெச்சுக்குவோம். பார்த்த உடனே டிரை ஃபுட்தான் ஒசத்தின்னு தோணும். ஆனா கிரேவியில 80 சதவீதம் தண்ணி. மீதி 20-ல 8-ன்னா, 40 சதவீதம். டிரை ஃபுட்ல தண்ணி 10 போக 90-ல 22. கிட்டத்தட்ட 24 சதவீதம்தான். தண்ணியைக் கழிக்காம எந்த ரெண்டு பாக்கெட்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பேசாதீங்க.

இன்ஸ்டாகிராம் பார்த்துட்டு 'கிரெயின் ஃப்ரீ' தேடுறவங்களுக்கு ஒரு வார்த்தை. தானியத்துக்குப் பதிலா பட்டாணி, பருப்பு நிறையப் போட்ட இந்த உணவுகளுக்கும், நாய்களுக்கு இதயத் தசை பலவீனமாகுற டிசிஎம் நோய்க்கும் தொடர்பு இருக்குமோன்னு 2018 ஜூலையில எஃப்டிஏ ஒரு எச்சரிக்கை கொடுத்துச்சு. தொடர்பு நிரூபணம் ஆகல. 2022 டிசம்பர்ல, புது ஆதாரம் வர்ற வரைக்கும் இதைப் பத்தித் தொடர்ந்து அறிவிப்பு வெளியிடப் போறதில்லைன்னு சொல்லிட்டாங்க. என் கருத்து, தானியத்தால அலர்ஜின்னு டாக்டர் சொல்லாத வரைக்கும் அதுக்குக் கூடக் காசு கொடுக்க ஒரு காரணமும் இல்ல.

லூஸ்ல வாங்குறவங்களா நீங்க?

இந்தப் பகுதியை மட்டும் தயவுசெஞ்சு தாண்டிப் போயிடாதீங்க.

பெட் ஷாப்ல பெரிய மூட்டையைப் பிரிச்சு வெச்சு, கிலோ கணக்குல அள்ளி பாலிதீன் கவர்ல கட்டிக் கொடுப்பாங்க. விலை கம்மி. மாசக் கடைசியில நாங்களும் வாங்கியிருக்கோம். அதுல பேர் இல்ல, தேதி இல்ல, யார் தயாரிச்சதுன்னு இல்ல. அதைவிடப் பெரிய சிக்கல் நம்ம ஊர்க் காத்து. ஒரு பக்கம் கல்பாக்கம், மாமல்லபுரம் கடல். இன்னொரு பக்கம் கொளவாய் ஏரியில ஆரம்பிச்சு ஏரி ஏரியா. மழைக்காலத்துல அப்பளமே அரை மணி நேரத்துல நமுத்துப்போற ஊர் இது. சுமார் 10 சதவீத ஈரத்தோட வர்ற டிரை ஃபுட், திறந்த மூட்டையில கிடந்தா ஈரத்தை உறிஞ்சும். மக்காச்சோளம், நிலக்கடலைப் பிண்ணாக்கு மாதிரி பொருள்ல வளர்ற ஒரு வகைப் பூஞ்சைக்கு அந்த ஈரமும் சூடும் போதும். அது விடுற விஷத்துக்குப் பேர் அஃப்ளாடாக்சின். நேரா கல்லீரலைத் தாக்கும்.

நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை வெச்சிருக்குறவங்ககிட்ட இந்தப் பேரைச் சொல்லிப் பாருங்க. பேரைக் கேட்டதுமே உஷாராயிடுவாங்க. தீவனத்துல இது இருக்கான்னு சோதிக்க, அங்க கால்நடை மருத்துவக் கல்லூரியிலயே ஆய்வகம் இருக்கு. முட்டைக்கோழிக்கு இருக்குற அந்தக் கவனம் வீட்டு நாய்க்கு இன்னும் வரல.

நம்ம நாட்டுல இதுக்கு ஒரு கொடுமையான உதாரணமும் இருக்கு. 1974 கடைசியில, ராஜஸ்தானோட பன்ஸ்வாரா, குஜராத்தோட பஞ்சமஹால் மாவட்டங்கள்ல திடீர்னு மஞ்சள் காமாலை பரவுச்சு. பருவம் தப்பிப் பெஞ்ச மழையில நனைஞ்சு பூஞ்சை பிடிச்ச மக்காச்சோளத்தை, வேற வழியில்லாம சாப்பிட்ட ஏழை மக்கள்ல 106 பேர் இறந்துபோனாங்க. அதே வீடுகள்ல அதே சோளத்தைச் சாப்பிட்ட நாய்களும் வயிறு வீங்கிச் செத்ததை அப்போ ஆய்வு பண்ணினவங்க பதிவு பண்ணியிருக்காங்க. காரணம் அஃப்ளாடாக்சின்.

பாக்கெட் உணவுலயும் இது நடந்திருக்கு. 2005 டிசம்பர்ல அமெரிக்காவுல டயமண்ட் கம்பெனி உணவால 100-க்கும் மேற்பட்ட நாய்கள் செத்தது. 2020 டிசம்பர்ல ஸ்போர்ட்மிக்ஸ் பிராண்டுல திரும்பவும் அதே கதை. 2021 ஜனவரிக்குள்ள 110-க்கும் மேற்பட்ட சாவு எஃப்டிஏ கணக்குக்கு வந்துடுச்சு. ஒரு கிலோவுல 20 மைக்ரோகிராமைத் தாண்டினாலே அங்க நடவடிக்கை. கண்ணுக்குத் தெரியுற அளவே இல்ல. வெயில்ல காயவெச்சாலும், திரும்ப வேகவெச்சாலும் பூஞ்சை சாகலாம், விஷம் போகாது. ஆனா ஒரு வித்தியாசம் கவனிங்க. அந்தப் பாக்கெட்ல பேட்ச் நம்பர் இருந்ததாலதான் எது விஷம்னு கண்டுபிடிச்சு, திரும்ப வாங்க முடிஞ்சது. பாலிதீன் கவர்ல கட்டினதை யார் திரும்ப வாங்குவாங்க?

அதனால சின்னப் பாக்கெட்டா இருந்தாலும் சீல் பண்ணினதா வாங்குங்க. ஒரு மாசம், ஒன்றரை மாசத்துல தீர்ற அளவு போதும். 10 கிலோ மூட்டை ஆஃபர்ல கிடைக்குதுன்னு 5 கிலோ பொமரேனியனுக்கு வாங்கி வைக்காதீங்க. டப்பாவுல கொட்டாம, பாக்கெட்டோடயே வாயை மடிச்சு கிளிப் போட்டு, இறுக்கமா மூடுற டப்பாக்குள்ள வைங்க. கொட்டித்தான் வைப்பேன்னா, ஒவ்வொரு தடவையும் டப்பாவைக் கழுவிக் காயவெச்சுட்டுக் கொட்டுங்க. அடியில ஒட்டியிருக்குற பழைய கொழுப்பு சிக்கு வாடை அடிக்க ஆரம்பிச்சா புதுசையும் கெடுத்துடும். பேட்ச் நம்பரைப் போன்ல ஒரு போட்டோ எடுத்துக்குங்க. நல்லா சாப்பிட்டுட்டு இருந்த நாய் அதே சாப்பாட்டை மோந்து பார்த்துட்டு ஒதுங்கினா, திட்டாதீங்க. அதோட மூக்கு உங்களைவிடப் பெரிய லேப். ஈறு, கண்ணு மஞ்சளாச்சுன்னா அன்னைக்கே ஆஸ்பத்திரி.

அப்போ வீட்டுச் சாப்பாடே போடக் கூடாதா?

போடலாம். நாய் ஓநாயோட வாரிசு, சோறு அதுக்கு விஷம்னு ரீல்ஸ்ல ஒருத்தர் கத்துவார். நம்பாதீங்க. 2013-ல 'நேச்சர்' இதழ்ல வந்த ஆய்வுல, மாவுச்சத்தைச் செரிக்க உதவுற ஒரு மரபணு ஓநாய்க்கு ரெண்டு பிரதிதான், நாய்க்கு 4-ல இருந்து 30 வரைக்கும் இருக்குன்னு கண்டுபிடிச்சாங்க. மனுஷனோட சேர்ந்து வாழ்ந்து வாழ்ந்து, சோறு செரிக்கப் பழகின மிருகம் அது. தெற்குச் சீமையில சிப்பிப்பாறை, கன்னி நாய்ங்களுக்குக் கூழும் மோரும் ஊத்தி வளர்த்தவங்க முட்டாள்கள் கிடையாது.

சிக்கல் என்னன்னா, வெறும் சோறும் கறியும் சேர்ந்தா முழுச் சாப்பாடு ஆகாது. 2013-ல கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தோட டேவிஸ் வளாகத்துல, புத்தகத்துலயும் இணையத்துலயும் கிடைச்ச 200 வீட்டுச் சமையல் குறிப்பை எடுத்து அலசினாங்க. அதுல சிலது கால்நடை மருத்துவர்களே எழுதினது. 95 சதவீதத்துல ஏதாவது ஒரு அவசியமான சத்தாவது குறைவா இருந்தது. கால்சியம் மட்டும் இல்ல. துத்தநாகம், வைட்டமின் டி, வைட்டமின் ஈ-ன்னு பெரிய லிஸ்ட். 'வாரா வாரம் மாத்தி மாத்திப் போட்டா சரியாகிடும்'ங்கிறதும் சரியில்ல, ஏன்னா பல குறிப்புல ஒரே சத்துதான் விட்டுப்போயிருந்தது.

குட்டிக்கு வீட்டுச் சாப்பாடு மட்டும்தான்னு முடிவு பண்ணினா, கண்டிப்பா டாக்டர்கிட்ட அளவு எழுதி வாங்குங்க. புஜ்ஜி விஷயத்துல நான் பட்ட பாடு போதும். வளர்ந்த நாய்க்கு, வேகவெச்ச கறியோ முட்டையோ மீனோ, சோறு, பூசணி, கேரட், பீன்ஸ், கூடவே கால்சியம். முட்டை ஓட்டைக் கழுவி, வறுத்து, மிக்ஸியில மாவா அரைச்சா ஒரு டீஸ்பூன்ல சுமார் 2 கிராம் கால்சியம். 12 கிலோ நாட்டு நாய்க்கு ஒருநாளைக்கு அரை டீஸ்பூன் சரியா இருக்கும். இது கால்சியத்தை மட்டும்தான் சரிபண்ணும். மத்த சத்துக்கு நாய்க்குன்னே விக்கிற வைட்டமின், தாது உப்புக் கலவையை டாக்டர் சொல்ற அளவுல சேர்க்கணும். பாதி வேளை பாக்கெட், பாதி வேளை வீட்டுச் சாப்பாடுன்னு வெச்சுக்கிறது நடைமுறைக்கு ஒத்துவரும். எங்க வீட்டுல இப்போ அதுதான்.

கடல் பக்கம் இருக்கோம், மத்தி மலிவாக் கிடைக்கும். உப்பு, மசாலா இல்லாம வேகவெச்சு முள்ளு எடுத்துப் போட்டா ஒமேகா-3 கிடைக்கும். மீன் குழம்புச் சட்டியை வழிச்சுப் போடுறது வேற விஷயம். வெங்காயமும் பூண்டும் நாயோட ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். சாம்பார்லயும் அதுதான் இருக்கு. கருவாட்டுல உப்பு. திராட்சை, கிஸ்மிஸ் சிறுநீரகத்தைக் காலி பண்ணும், அதனால பாயசம் வேண்டாம். சாக்லேட் கூடாதுன்னு எல்லாருக்கும் தெரியும். ஆனா சுகர் ஃப்ரீ சூயிங்கம், சில பீநட் பட்டர்ல இருக்குற சைலிட்டால் இன்னும் வேகமா ஆளைச் சாய்ச்சுடும்னு தெரியுமா? கொஞ்சம் உள்ள போனாலே சர்க்கரை அளவு தடால்னு இறங்கும். வேகவெச்ச எலும்பு ஊசி ஊசியா உடைஞ்சு குடலைக் கிழிக்கும். ஞாயித்துக்கிழமை பிரியாணி எலும்பு அதுல சேர்த்தி. பால் நிறைய நாய்க்கு வயித்தைக் கலக்கும், தயிர் அந்த அளவுக்குச் செய்யாது.

சைவ வீடா? நாய்க்குச் சைவம் முடியாததில்ல. பச்சைப் புள்ளி போட்ட முழுமையான நாய் உணவே கடையில இருக்கு. ஆனா வீட்டுலயே தயிர் சாதத்தை மட்டும் போட்டு 'எங்க நாய் சைவம்'னு சொல்லாதீங்க. பூனைக்கு இந்தச் சலுகையும் கிடையாது.

எவ்வளவு போடணும்?

போனை எடுங்க, கால்குலேட்டரைத் திறங்க. நாயோட எடையை (கிலோவுல) அதே எண்ணால ரெண்டு தடவை பெருக்குங்க. வந்ததுக்கு ஸ்கொயர் ரூட் ரெண்டு தடவை அழுத்துங்க. 70-ஆல பெருக்குங்க. 12 கிலோ நாய்க்கு 12 x 12 x 12 = 1728; ரெண்டு ரூட் போட்டா சுமார் 6.45, 70-ஆல பெருக்கினா ஏறக்குறைய 450 கலோரி. இது சும்மா படுத்திருக்கவே ஆகுற செலவு. கருத்தடை பண்ணின, சாதாரணமா நடமாடுற வளர்ந்த நாய்க்கு இதை 1.6-ஆல பெருக்கணும், சுமார் 720. பாக்கெட்ல 100 கிராமுக்கு 350 கலோரின்னு இருந்தா ஒருநாளைக்கு 205 கிராம். 400 கலோரின்னா 180 கிராம் போதும். அதனால 1 கிலோ என்ன விலைன்னு பார்க்காம, ஒருநாளைக்கு எவ்வளவு செலவாகுதுன்னு பாருங்க. விலை கூடினது சில சமயம் கணக்குல மலிவா வரும்.

பிஸ்கட், டிரீட் எல்லாம் சேர்ந்து மொத்தத்துல 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 720-ல 72 கலோரி. டீக்கடை குளுக்கோஸ் பிஸ்கட்ல சின்னது மூணு போட்டாலே முடிஞ்சுது. நீங்க ஆபீஸ் போனதும் வீட்டுல தாத்தா எத்தனை போடுறார்னு விசாரிங்க!

இந்தக் கணக்கும் தோராயம்தான். கடைசித் தீர்ப்பு நாயோட விலா எலும்புல இருக்கு. உங்க கையை நீட்டி, புறங்கையை இன்னொரு கை விரலால தடவிப் பாருங்க. எலும்பு லேசா தட்டுப்படுதா? நாயோட விலாவும் அப்படித் தட்டுப்பட்டா சரியான எடை. உள்ளங்கை மாதிரி மெத்துன்னு இருந்தா குண்டு. முஷ்டியை மடக்கித் தடவுற மாதிரி முண்டு முண்டா இருந்தா மெலிவு. சிப்பிப்பாறை மாதிரி வேட்டை நாய்ங்க மட்டும் விதிவிலக்கு; அதுங்களுக்கு விலா கொஞ்சம் வெளிய தெரியுறதுதான் அழகு. 'சாப்பாடே போட மாட்டீங்களா?'ன்னு கேக்குற எதிர்வீட்டு ஆன்ட்டிக்கு இதைச் சொல்லிடுங்க.

குண்டா இருந்தா என்ன, அழகாத்தானே இருக்குங்கிறீங்களா? பியூரினா கம்பெனி 48 லேப்ரடார்களைக் குட்டியில இருந்து சாகுற வரைக்கும் கவனிச்சு, 2002-ல முடிவை வெளியிட்டுச்சு. ஒரே பிரசவத்துல பிறந்த குட்டிகளை ஜோடி பிரிச்சு, ஒண்ணுக்குப் போடுறதைவிட 25 சதவீதம் குறைவா இன்னொண்ணுக்குப் போட்டாங்க. சாப்பாடு ஒண்ணுதான், அளவு மட்டும்தான் வேற. ஒல்லியா இருந்த கூட்டத்தோட சராசரி ஆயுள் 13 வருஷம், மத்ததுக்கு 11.2. கிட்டத்தட்ட ரெண்டு வருஷ வித்தியாசம், ஒரு ரூபாய் கூடச் செலவில்லாம.

கடைசியா ஒண்ணு. இதைப் படிச்சுட்டு இன்னைக்கு ராத்திரியே தட்டை மாத்திடாதீங்க, நாளைக்குக் காலையில ஹால் முழுக்க நீங்கதான் துடைக்கணும். ஏழு நாள் எடுத்துக்குங்க. முதல் ரெண்டு நாள் கால் பங்கு புதுசு, அப்புறம் பாதி, அப்புறம் முக்கால். புஜ்ஜிக்கு மாத்தினப்போ மூணு நாள் அது தட்டைப் பார்த்துட்டு எங்களைப் பார்க்கும், திரும்பத் தட்டைப் பார்க்கும். அம்மாதான் மேல ஒரு ஸ்பூன் தயிர் விட்டு வழிக்குக் கொண்டுவந்தாங்க. ரெண்டு மாசத்துல வலி போச்சு, ஓட ஆரம்பிச்சுது. கால் மட்டும் முழுசா நிமிரல. இப்பவும் உட்கார்ந்தா முன்னங்கால் லேசா வெளிப்பக்கம் சாய்ஞ்சிருக்கும். புதுசா வீட்டுக்கு வர்றவங்க, "இது இந்த ஜாதி நாய்க்கே அப்படித்தான் இருக்குமா?"ன்னு கேக்குறாங்க. அப்பா பதில் சொல்லாம எழுந்து உள்ள போயிடுவார்.